அடுப்பின் வாய்

ரோஸ்-ஆல்மாவின் விறகு அடுக்கைப் பார்ப்பதற்காகவே ரிட்ஜ் ரோட்டில் வண்டியை மெதுவாக்குகிறவர்கள் உண்டு. அது அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போல இருப்பாள். ஆனால் சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒரே ஒரு கட்டை துருத்திக்கொண்டிருந்தாலும் மறுநாள் காலைக்குள் அதை உள்ளே தட்டிவிட்டிருப்பாள். எங்கள் ஆற்றங்கரையில் ஒரு வீட்டின் நிலவரம் அறிய உள்ளே போய் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. முற்றத்து விறகைப் பார்த்தால் போதும். உருளைக்கிழங்கு தோண்டுகிற காலம் வந்த பிறகும் பிளக்காத கட்டை குவிந்து கிடந்தால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது யாரோ குடிக்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் சோம்பேறிகள். மூன்றாவதைத்தான் ஊர் மன்னிக்காது.

பத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை, அவள் லுட்ஜேரைக் கல்யாணம் செய்துகொண்டாள். திங்கட்கிழமை விடிவதற்குள் அவன் மரம் வெட்டும் முகாமுக்குப் புறப்பட்டுப் போய்விட்டான். இங்கே ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. காட்டு ரோட்டில் பல மணி நேரம் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் லுட்ஜேர் பிளந்து வைத்திருந்த விறகு பிப்ரவரி பாதியிலேயே தீர்ந்துபோனது. வாரம் முழுக்க ஊரான் மரத்தை வெட்டித் தள்ளுகிறவன் வீட்டில் அடுப்புக்கு விறகில்லை. மாமியார் வீட்டில் போய்க் கேட்க ரோஸ்-ஆல்மாவின் மானம் இடம் கொடுக்கவில்லை. கோடரியை எடுத்தாள். முதல் அடியிலேயே அது கட்டைக்குள் சிக்கிக்கொண்டது. கட்டையோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள். பிறகு பனியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் குளிர ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் எழுந்து மறுபடி அடித்தாள்.

அப்படித்தான் கற்றுக்கொண்டாள். கட்டையை நிறுத்தி வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். வெட்டிய முகத்தில் மயிரிழை விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையை ஓங்குவாள். பெரிய கட்டையை நடுவில் அடிக்க மாட்டாள். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வருவாள். நல்ல உறைபனி நாளில் மேப்பிள் கட்டை ஒரே தட்டில் இரண்டாகித் தெறிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவளுடைய நான்கு பிள்ளைகளும் காலையில் கண் விழித்தார்கள். அறுவடைக் காலத்தில் உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனபோதும் விறகை முடித்துவிட்டுத்தான் போவாள். பங்குச் சாமியார் ஒரு தரம் கேட்டார், "காலைல ஜெபம் பண்றியாம்மா, விறகு பிளக்கறியா?" என்று. "ரெண்டும்தான் சாமி. கணு வந்தா ஆண்டவரைக் கூப்பிடறேன்" என்றாள்.

உண்மை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. பால் எங்கே, காலுறை எங்கே, பேனா எங்கே என்று அந்த நேரத்தில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கையில் கோடரி வைத்திருப்பவளிடம் யார் போய் என்ன கேட்பார்கள்?

லுட்ஜேர் வெள்ளிக்கிழமைகளில் வருவான். குளிப்பான், சாப்பிடுவான், சனிக்கிழமை முழுக்கத் தூங்குவான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான், திங்கட்கிழமை போய்விடுவான். நல்ல மனுஷன். கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமையில் அவன் முகம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆசைப்பட்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

போன மார்ச்சில், பனி உருகிக் காட்டு ரோடெல்லாம் சேறானபோது, லுட்ஜேர் வேலையிலிருந்து நின்றான். இடுப்பு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அவன் வீட்டிலிருந்த கத்தியெல்லாம் சாணை பிடித்தான். புதன்கிழமை அவள் விரலை வெட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை நிலவறையை ஒழுங்குபடுத்தினான். அதன் பிறகு ஒரு மாதம் அவளுக்கு ஊறுகாய் ஜாடி எதுவும் கையில் அகப்படவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து நின்றுகொண்டான்.

"ஆல்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"உக்காரு."

"உக்காந்துதானே இருந்தேன்."

"அப்ப போய் மறுபடியும் உக்காரு."

முற்றத்துக்கு வந்து கோடரியைக் கேட்டான். "உன் இடுப்பு இருக்கற லட்சணத்துக்குக் கோடரி ஒண்ணுதான் கேடா?" என்று துரத்தினாள். இடுப்பைப் பற்றி அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் இடுப்பு கல்லு மாதிரி இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். நாற்பது வருஷமாக அவன் வர வேண்டும் என்று ஏங்கியவள்தான். வந்தவனுக்கு உட்கார ஒரு நாற்காலியைத் தவிர வேறு எதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மே மாதம் லுட்ஜேர் வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு மெஷினைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். விறகு பிளக்கும் மெஷின். இயந்திரத்தைக் கிளப்பிக் கைப்பிடியைத் தள்ளினால், ஒரு இரும்புத் தண்டு கட்டையை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய் எதிரே இருக்கும் ஆப்பில் அழுத்தும். எவ்வளவு பெரிய கட்டையும் முனகிக்கொண்டே இரண்டாகிவிடும்.

"யாருக்கு இது?" என்றாள் ரோஸ்-ஆல்மா.

"நமக்குத்தான்."

"எனக்குக் கை இல்லையா, கால் இல்லையா?"

"இருக்கு. அதுக்காகச் சாகற வரைக்கும் கோடரி தூக்கணுமா?"

"தூக்குவேன். என் முற்றத்துல இந்தப் பிசாசு கத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

அவளுடைய சித்தப்பா மகன் தியோதூல் பக்கத்து வீட்டுக்காரன். வசந்தத்தில் அவளுக்கு மரத்தை அளவாக அறுத்துத் தருகிறவன் அவன்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரசித்துக்கொண்டிருந்தான். "மச்சான், மெஷினைத் திருப்பிக் குடுத்துடாதே. அக்காவைத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேட்டுப் பாரு" என்றான். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மெஷின் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

ஜூலையில் அதே தியோதூல்தான் வந்து அந்தச் சேதியைச் சொன்னான். முகாமைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாராம் மேஸ்திரி வில்ஃப்ரிட். மரம் வெட்ட வேண்டாம். அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டு, விளக்குக்கு மின்சாரம் தரும் மெஷினைக் கவனித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை. "மச்சான் யோசிக்கிறார் அக்கா. 'வீட்டுல என்னால ஒரு பிரயோஜனமும் இல்ல'ங்கறார்."

ரோஸ்-ஆல்மா நினைத்துப் பார்த்தாள். இந்த வயதில், இந்த இடுப்போடு, மறுபடி காட்டுக்குப் போவதா? கிடைத்த செவ்வாய்க்கிழமைகள் அவ்வளவுதானா? லுட்ஜேரிடம் போய், "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்து வார்த்தைதான். ஆனால் அவள் வாழ்க்கையில் ஒரு திங்கட்கிழமைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை; நாக்குக்குப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக, "உன் மேசையோரத்துக் காபிக் கோப்பையைக் கழுவி வெச்சா என்ன?" என்று கத்தினாள்.

ஆகஸ்டில் கடைசி மகள் லிஸெட்டுக்குப் பிரசவம். தெற்கே அவள் இருக்கும் ஊருக்கு ரோஸ்-ஆல்மா பஸ் ஏறினாள். அந்த வருஷத்து விறகில் பாதிக்கு மேல் பிளக்காமல் முற்றத்தில் கிடந்தது. தோள்பட்டையில் ஏதோ பிடித்துக்கொண்டு கோடை முழுக்க வேலை மந்தமாகத்தான் நடந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினாள், லிஸெட்டுக்குக் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தாள், நடுநடுவே முற்றத்தை நினைத்துக்கொண்டாள்.

"அப்பா தனியா என்ன பண்றாரும்மா?" என்றாள் லிஸெட்.

"நாற்காலியில உக்காந்திருக்கார்."

"நீதானே உக்கார வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு மகள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள். ரோஸ்-ஆல்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிள்ளை பெற்றவளிடம் சண்டை போட முடியுமா?

இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பினாள். தியோதூல் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவந்தான். வழியெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தான். அவன் சிரிப்பை அடக்கினால் காது சிவக்கும். முற்றத்தில் இறங்கியதும் அவளுக்கு விஷயம் தெரிந்தது. குவியலைக் காணோம். ஒரு கட்டை மீதியில்லாமல் எல்லாம் பிளந்து, வேலியோரம் நெடுக அடுக்கியிருந்தது. சாலையைப் பார்த்த பக்கம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அடுக்குக்கும் அந்தச் சிவப்பு மெஷினுக்கும் நடுவே லுட்ஜேர் சவரம் செய்த முகத்தோடு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"எப்படி?" என்றான்.

ரோஸ்-ஆல்மா பெட்டியைக் கீழே வைத்தாள். அடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தாள். கோபத்தில் காது அடைத்தது. இனி நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது? பனி விழும்வரை, பனி விழுந்த பிறகும், தான் என்ன செய்வது? பிறகு ஒரு துண்டைப் பிடுங்கிக் கையில் எடுத்துப் பார்த்தாள். தொடை கனம் இருந்தது. இன்னொன்றைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"இதைப் போடு பாக்கலாம்" என்று லுட்ஜேரிடம் நீட்டினாள்.

"எங்க?"

"எங்கயா? என் தலையில! அடுப்புலய்யா."

அது ரோஸ்-ஆல்மாவின் மாமியார் காலத்து இரும்பு அடுப்பு. விறகு போடும் கதவு பக்கவாட்டில் இருக்கும். லுட்ஜேர் கதவைத் திறந்து கட்டையை வைத்தான். போகவில்லை. முனை மாற்றி வைத்தான். பட்டையை மேலே வைத்துப் பார்த்தான், கீழே வைத்துப் பார்த்தான். யாரோ அடுப்பை மாற்றி வைத்துவிட்ட மாதிரி அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது எப்பவுமே இவ்ளோ சின்னதாவா இருந்துச்சு?"

"இல்ல, உனக்கு வயசாச்சுன்னு அதுவும் சுருங்கிடுச்சு."

தியோதூலால் அதற்கு மேல் முடியவில்லை. "மச்சான், விறகு அருமையா இருக்கு. அடுப்ப மட்டும் மாத்திடு!" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லுட்ஜேர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் தியோதூல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாடு கத்துகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவனிடம் மாடு கிடையாது.

லுட்ஜேர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "முகாம் அடுப்பு நெனப்புலயே பிளந்துட்டேன். அது பீப்பாயை வெட்டிப் பண்ணது. எதைத் தூக்கிப் போட்டாலும் முழுங்கும்." கட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நாப்பது வருஷத்துக்கு மேல என் வீடுன்னு சொல்லிட்டிருக்கேன். அடுப்பு வாய் எவ்ளோன்னு தெரியல எனக்கு" என்றான்.

"எப்படித் தெரியும்? நீ வர்றப்பல்லாம் அது எரிஞ்சிக்கிட்டுதானே இருந்துச்சு" என்றாள் ரோஸ்-ஆல்மா.

குத்தலாகத்தான் சொல்ல நினைத்தாள். வெளியே வந்தபோது அது குத்தலாக இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னதாக இருந்தது. இருவருக்கும் அது அப்படித்தான் கேட்டது.

"வில்ஃப்ரிட் கிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்" என்றான் லுட்ஜேர். "திங்கக்கெழம வந்து கூட்டிப் போறேன்னார். அங்கயாவது எது எங்க இருக்குன்னு தெரியும்."

மறுநாள் காலை ரோஸ்-ஆல்மா கோடரியோடு முற்றத்துக்குப் போனாள். அவன் பிளந்ததை மறுபடி பிளக்க வேண்டுமே. ஒவ்வொரு துண்டையும் வைது வைதுதான் எடுத்து வைத்தாள். ஆனால் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வைவது குறைந்துவிட்டது. காரணம் இருந்தது. உருட்டிக் கொண்டுவந்து நிமிர்த்துவதும், ஆப்பு வைத்து அடிப்பதும், சிக்கிக்கொண்ட கோடரியோடு மல்லுக்கட்டுவதுமான பாடெல்லாம் முடிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது லேசான தட்டு, மெல்லிய துண்டு, நல்ல சத்தம். சாப்பாட்டில் பாகற்காயை எவனோ சாப்பிட்டுவிட்டுப் பாயசத்தை மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதிலும் ஆச்சரியம், முறுக்கு விழுந்து கணுவாகக் கிடக்கும் கட்டைகளை வருஷா வருஷம் அவள் கொட்டகைக்குப் பின்னால் தூக்கி எறிந்துவிடுவாள்; அதையெல்லாம்கூடத் தேடி எடுத்து மெஷினில் கொடுத்திருந்தான். நாராகக் கிழிந்திருந்தாலும் பிளந்திருந்தது. மெஷின் கத்திக் கத்திக் கிழிக்கிறதே தவிர, கட்டை எங்கே பிளக்க விரும்புகிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், அந்தக் கணுவோடு மாரடிக்க அதுதான் சரி என்று முதல் முறையாக நினைத்தாள். அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

அந்த வாரம் இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லுட்ஜேர் பழைய பையில் துணியை அடுக்கினான். சாப்பாட்டு நேரம் கோழிக் கஞ்சியும், ஒரு பக்கம் மட்டும் வெந்த கோதுமை நிற ப்ளோய் ரொட்டியும் மேசைக்கு வந்தன. அவன் வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கொண்டான்.

"அந்த மெஷினை எதுக்கு வாங்கினே?" என்று கேட்டாள் ரோஸ்-ஆல்மா. "நெசமாச் சொல்லு. கை சும்மா இருக்க முடியாமத்தானே?"

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "நீ வலப்பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல. தூக்கத்துல திரும்பினா முனகறே. மார்ச்சுல வந்ததுலேருந்து பாக்கறேன். கேட்டா எரிஞ்சு விழுவே. அதான் கேக்கல."

ரோஸ்-ஆல்மா கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் முனகுவது அவளுக்கே தெரியாது. சொல்வதற்கு இத்தனை வருஷம் பக்கத்தில் ஆள் இருந்ததில்லை. கண் கலங்கிவிட்டது; அதை மறைக்க எழுந்து உப்பை எடுத்துவந்தாள். கஞ்சியில் ஏற்கெனவே உப்பு சரியாக இருந்தது.

"காலைல அடுப்பை நீ பத்த வை" என்றாள்.

"நானா? வில்ஃப்ரிட் விடியறதுக்குள்ள வந்துடுவாரே."

"வரட்டும். பத்த வெச்சிட்டுப் போ. நான் படுத்திருக்கப் போறேன். தோள் வலிக்குது."

தோள் வலிக்கிறது என்று அவள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. லுட்ஜேர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றான்.

திங்கட்கிழமை விடியும் முன்பே அவளுக்கு முழிப்பு வந்துவிட்டது. உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். சமையலறையில் அடுப்புக் கதவு திறந்தது. விறகுப் பெட்டியில் போன வருஷத்து மெல்லிய துண்டுகள் இருந்தன. அவற்றை அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசியது. கொஞ்ச நேரத்தில் புகை நாற்றம் படுக்கையறைக்கே வந்துவிட்டது. புகை போகிற குழாயை அடைத்திருக்கும் தகட்டைத் திருப்பவில்லை, மடையன். எழுந்து ஓடிப்போய்த் திருப்பிவிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலக் கால் துடித்தது. அங்கே இருமல், ஒரு கெட்ட வார்த்தை, ஜன்னல் திறக்கிற சத்தம். ரோஸ்-ஆல்மா எழவில்லை.

கதவருகே கரி அப்பிய முகம் எட்டிப் பார்த்தது. "ஆல்மா, அந்தத் தகட்டை எந்தப் பக்கம் திருப்பணும்?"

"சுவர்ப் பக்கம்."

முகம் மறைந்தது. தகடு கிரீச்சென்று திரும்பியது. அடுப்பு மூச்சு இழுத்து, படபடவென்று பிடித்துக்கொண்டது. புகை மெல்ல அடங்கி, காபி கொதிக்கும் வாசனை வந்தது. கதகதப்பு நடையைத் தாண்டிக் கட்டில்வரை வர ஆரம்பித்தபோது சாலையில் வில்ஃப்ரிட்டின் வண்டி ஹார்ன் அடித்தது.

முன்கதவு திறந்தது. ரோஸ்-ஆல்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி உற்றுக் கேட்டாள்.

"வில்ஃப்ரிட், நீங்க கெளம்புங்க. நான் வரல" என்றான் லுட்ஜேர்.

"என்னய்யா ஆச்சு?"

"அடுப்பை இப்பத்தான் பத்த வெச்சேன். விட்டுட்டு வந்தா அணைஞ்சுடும்."

"ஏன், உன் வீட்டம்மா இல்லையா?"

"இருக்கா. கத்தாதீங்க, தூங்கறா."

வண்டி திரும்பிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. நாற்பது வருஷத்தில் எந்தத் திங்கட்கிழமையும் ரோஸ்-ஆல்மா தூங்குகிறாள் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. காலடிச் சத்தம் படுக்கையறைப் பக்கம் வந்தது. அவள் போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். சொன்ன மனுஷனைப் பொய்யனாக்கக் கூடாதே.